வழக்குரை காதையும் வழக்கறிஞரும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையே தமிழில் எழுந்த நீதிமன்றக் காட்சிகளுக்கெல்லாம் தாய் என்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படுவதுண்டு. அது பொருந்தும். ஆயினும் அக்காட்சியில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. மாணவர் எவரும் அதைச் சுட்டுவதில்லை. அங்கே வழக்கறிஞர் இல்லை. கண்ணகி தன் வழக்கைத் தானே உரைக்கிறாள். சிலம்பின் உள்ளீடு முத்தா மாணிக்கமா என்னும் ஒரே வினாவில் பாண்டியனின் முறைமை முழுவதும் உடைந்து விழுகிறது. சான்று காட்டி வாதிடும் முறையில் அதற்கு நிகரான காட்சி தமிழில் அரிது. ஆனால் அவள் வெல்லும் வேளையில், யாருக்காக வாதிட்டாளோ அவன் உயிரோடு இல்லை.

கோவலனுடைய வழக்கு கொலைக்களக் காதையிலேயே முடிந்துவிட்டது. அதை வழக்கு என்று அழைப்பதும் மிகை. பொற்கொல்லன் ஒருவன் ஒரு சொல் சொன்னான். கேட்ட மன்னனோ தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்து கொண்டிருந்தவன். வழியிலே கேட்டான், வழியிலேயே ஏவினான். அவன் சொல்லக் கருதியது ஒன்று, நாவில் வந்தது மற்றொன்று என்று உரைகாரர் ஊழின் மேல் ஏற்றிச் சொல்வர். ஊழோ விரைவோ, ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் கொண்டது.

இவ்விடத்தில் ஏவலரின் நடத்தை ஊன்றி நோக்கத்தக்கது. கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளை உருவவில்லை. இவன் கொலைக்கு உரியவனாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்களின் தந்திரங்களை நூல்வழி எடுத்துரைக்கிறான். களவு கண்ட பழைய கதையொன்றைக் காவலருள் ஒருவனும் சொல்கிறான். பேச்சு வளர்கிறது, ஐயம் தேய்கிறது. இறுதியில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசி முடித்துவிடுகிறான். இளங்கோவடிகள் காவலரின் வாயில் வைத்த அந்த ஐயத்தை ஏந்திப் பிடித்து, ‘சற்றுப் பொறுங்கள், இவன் எங்கிருந்து வந்தான், இச்சிலம்பின் இணை எங்கே என்று கேளுங்கள்’ என்று சொல்ல மதுரையில் ஒருவரும் இல்லை. அந்த ஒருவருக்குத்தான் பிற்காலம் வழக்கறிஞர் என்று பெயரிட்டது.

கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்பவரின் பணியைத் தமிழ்க் கதையும் நாடகமும் திரைப்படமும் எவ்வாறு கண்டுள்ளன என்று ஆராய்வோர்க்கு இந்த வெற்றிடமே அளவுகோலாகும். இவ்வளவுகோலால் அளந்தால் நம்மவர் படைப்புகள் பெரும்பாலானவை தேறவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

தேறாமைக்கு முதற்காரணம் நம் மேடை. பட்டிமன்றத்தின் தம்பியாகிய வழக்காடு மன்றம் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் செல்வாக்குப் பெற்ற கலை. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளிலும் இலக்கிய விழாக்களிலும் அதற்குத் தனி இடம் உண்டு. கைகேயி குற்றவாளியா, வாலியை மறைந்து கொன்றது முறையா, கோவலன் செய்தது பிழையா என்று குற்றம் சாட்டுவோர் ஒருபுறமும் மறுப்போர் மறுபுறமும் நிற்க, நடுவர் தீர்ப்புச் சொல்வார். மாணவரின் நாவன்மையை வளர்ப்பதில் இக்கலை ஆற்றும் தொண்டு பெரிது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றியன்று. ஆயினும் அங்கே சாட்சி என்பவர் கிடையாது. குறுக்கு விசாரணை கிடையாது. செய்தி அனைவருக்கும் முன்பே தெரியும். தெரிந்த செய்திக்கு யார் அழகாகப் பொருள் சொல்கிறார் என்பதே போட்டி. உண்மையான நீதிமன்றத்திலோ செய்தியே தெரியாது. என்ன நடந்தது என்று நீதிபதிக்குத் தெரியாது, ஜூரிகளுக்குத் தெரியாது. பல வேளைகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதிடும் வழக்கறிஞருக்கும் தெரியாது. தெரியாமை நடுவே நின்று பேசுவதுதான் அவர் தொழில். மேடையில் கற்ற மாணவர் கதை எழுத வரும்போது, அவர்தம் வழக்கறிஞரும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுச் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிடுகிறார்.

திரைப்படம் இப்பழக்கத்தை மேலும் வேரூன்றச் செய்தது. ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிக்கும் தலைமுறை ஒன்று மலாயாவிலும் இருந்தது. அக்காட்சியின் ஆற்றல் மறுக்க முடியாதது. ஆனால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவன் தன் வழக்கைப் பேசவில்லை. சமுதாயத்தின் மீது தான் தொடுத்த வழக்கைப் பேசுகிறான். அது குற்றக்கூண்டில் நின்று ஆற்றிய மேடைப்பேச்சு. அதற்கு வழக்கறிஞர் தேவைப்படாதது இயல்பே.

தற்காப்பு வழக்கறிஞரையே நடுநாயகமாகக் கொண்ட படம் ‘கௌரவம்’ (1973). வியட்நாம் வீடு சுந்தரம் தம்முடைய ‘கண்ணன் வந்தான்’ நாடகத்தைப் படமாக்கினார். பாரிஸ்டர் ரஜினிகாந்த் நீதிபதிப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர். மனைவியைக் கொன்றவன் என்று ஊரே அறிந்த ஒருவனின் வழக்கை, யாராலும் வெல்ல முடியாது என்பதாலேயே ஏற்றுக் கொள்கிறார், வெல்லவும் செய்கிறார். பின்னர் அதே மனிதன் தான் செய்யாத கொலைக்காகக் கூண்டில் ஏற்றப்படும்போது, தாம் வளர்த்த கண்ணனே எதிரே நிற்கக் காண்கிறார். இப்படத்தில் சிவாஜி கணேசனின் இரட்டை நடிப்பைப் போற்றாதவர் இலர். ஆனால் கதையின் நடுவில் கிடக்கும் மாணிக்கத்தை எவரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் வழக்கில் கொலைகாரன் தப்பினான். இரண்டாம் வழக்கில் குற்றமற்றவன் அகப்பட்டான். முன்னதைக் கண்ட ஊர் பின்னதை நம்ப மறுக்கிறது. செய்யாத கொலைக்காக ஒருவன் நிற்கையில் அவனை நம்புவோர் ஒருவருமில்லை என்பதைவிடக் கொடிய நிலை ஏது? அதை எழுதியிருந்தால் படம் தமிழின் தலைசிறந்த வழக்குரை காதைகளுள் ஒன்றாக நின்றிருக்கும். கதையோ வளர்த்தவருக்கும் வளர்ந்தவனுக்கும் இடையிலான மானப் போராட்டத்தில் மனத்தைச் செலவிட்டுவிட்டது. கட்சிக்காரன் வெறும் காரணமாகச் சுருங்கிப்போனான்.

பிற மொழியார் இதில் தேறினரா? கோலாலம்பூரில் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கே உலக இலக்கியத்துள் புகுந்துள்ளமையால் அதனை இங்கே எடுத்துக்கொள்வது தகும். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இரவு, விக்டோரியா கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் இல்லத்தில், தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவியான எத்தல் பிரௌட்லோக் என்பவர் வில்லியம் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயரைச் சுட்டுக் கொன்றார். தம்மை மானபங்கப்படுத்த முயன்றமையால் சுட்டதாகக் கூறினார். ஆனால் துப்பாக்கியில் இருந்த ஆறு குண்டுகளும் செலவாகியிருந்தன. ஒரு குண்டு அச்சத்திற்குச் சான்றாகலாம். ஆறு குண்டுகளுக்கு என்ன விளக்கம்? அவருடைய வழக்கறிஞர்கள் கடக்க முடியாத சுவர் அதுவே. நீதிபதியும் இரண்டு மதிப்பீட்டாளர்களும் அமர்ந்து விசாரித்த அவ்வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சில வாரங்களுள் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்க, அப்பெண்மணி இங்கிலாந்து சென்றார். தோட்டத்துக் கூலி ஒருவர் அதே கூண்டில் நின்றிருந்தால் நாட்டின் வெள்ளைக்காரச் சமூகம் அவருக்காக மனுவில் கையொப்பமிட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

பத்தாண்டு கழித்து மலாயாவுக்கு வந்த சோமர்செட் மோம் இக்கதையைக் கேட்டறிந்து ‘கடிதம்’ என்னும் சிறுகதையை எழுதினார். 1926இல் அவருடைய தொகுதியில் அது இடம்பெற்றது. 1927இல் நாடகமாயிற்று, பின்னர்த் திரைப்படமுமாயிற்று. மோம் செய்த மாற்றம் கூர்மையானது. கதையின் நடுவில் அவர் பெண்ணை வைக்கவில்லை. ஜாய்ஸ் என்னும் வழக்கறிஞரை வைத்தார். தம் கட்சிக்காரி சொல்வதை ஜாய்ஸ் நம்புகிறார். பிறகு அவள் தன் கையாலேயே எழுதிய கடிதம் ஒன்று இருப்பதாகத் தம் அலுவலக எழுத்தரின் வாயிலாக அறிகிறார். அக்கடிதம் நீதிமன்றத்துக்குப் போனால் தூக்கு, போகாவிட்டால் விடுதலை. பணம் கொடுத்து அதை வாங்கிவிடுகிறார். அவள் விடுதலை பெறுகிறாள். ஜாய்ஸ் வழக்கில் வென்று தம்மைத் தோற்கிறார். மேடைப்பேச்சு ஒரு வரியும் இல்லாமல் வழக்கறிஞரின் உள்ளத்தை இவ்வளவு நெருங்கிச் சென்ற கதை அரிது.

எனினும் மோமின் கதையிலும் ஒரு குறை இருக்கிறது. ஜாய்ஸுக்கு உண்மை கிடைத்துவிடுகிறது. உண்மை கையில் வந்தபின் அதை மறைப்பதா வெளியிடுவதா என்பது ஒழுக்கச் சிக்கல். அதை எழுதுவது எளிது. உண்மை கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு மனிதனுக்காக நாள்தோறும் நீதிமன்றம் செல்வது வேறுவகைச் சிக்கல். மோம் தொடாமல் விட்ட அந்த இடத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கு தன் சொந்த வரலாற்றிலேயே பிற்பாடு கண்டது.

1979ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இரவு, கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், சுபாங் சந்திப்புக்கு அருகே நின்றிருந்த காருக்குள் ஜீன் பெரேரா சின்னப்பா என்னும் ஆசிரியை கத்திக்குத்துகளுடன் இறந்து கிடந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். சில மாதங்களுக்கு முன்னரே கணவரைச் சாலை விபத்தில் இழந்தவர். உடன் வந்தவர் கணவரின் தம்பியும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளருமான கார்த்திகேசு. சிறுநீர் கழிக்கக் காரை நிறுத்தி இறங்கியபோது யாரோ தம்மைத் தாக்கியதால் நினைவிழந்ததாக அவர் கூறினார். கொலைக் குற்றம் அவர் மீதே சாட்டப்பட்டது.

1980இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி முகமது அஸ்மி முன்னிலையில், ஏழு ஜூரிகளுடன் விசாரணை நடைபெற்றது. அரசுத் தரப்பில் டி. எஸ். சம்பந்தமூர்த்தி நின்றார், குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆர். ஆர். செல்லையா நின்றார். கொலைக்குத் தண்டனை அந்நாளில் ஒன்றே, தூக்கு. குற்றவாளி என்று முடிவாகிவிட்டால் நீதிபதி விரும்பினாலும் வேறு தண்டனை தர இயலாது. 2023இல்தான் அக்கட்டாயம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

செல்லையாவின் மேசை மேல் இருந்த வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். நேரில் கண்ட சாட்சி இல்லை. அது தற்காப்புக்கு உதவும் எனத் தோன்றலாம். ஆனால் இருளில் நின்ற அந்தக் காரின் அருகே இருந்ததாக அறியப்பட்ட ஒரே மனிதர் கட்சிக்காரரே. அவர் சொன்ன கதையோ, கேட்டவுடன் யாரும் தலையாட்டி விடக்கூடிய கதையன்று. இறந்தவருக்கும் இலங்கை மருத்துவர் ஒருவருக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து வெளிப்பட்டது. பொறாமையே கொலைக்குத் தூண்டுதல் என்று அரசுத் தரப்பு அதைக் கோத்துக் காட்டியது. மோம் கற்பனை செய்த கடிதம் நீதிமன்றத்தை எட்டாமல் மறைந்தது. ஜீன் சின்னப்பா தொடர்பான கடிதங்களோ நாடு முழுவதும் படிக்கப்பட்டன. போதாததற்கு ஜெயதிலக என்னும் சாட்சி, அவள் உயிரோடிருக்கத் தகாதவள் என்னும் கருத்துப்படக் கார்த்திகேசு சொல்லத் தாம் கேட்டதாகச் சாட்சியம் அளித்தார். அதுவும் ஒரு வாக்கியந்தான்.

இந்நிலையில் தற்காப்பு வழக்கறிஞர் செய்யக்கூடியது யாது? தம் கட்சிக்காரர் சொன்ன கதை உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மெய்ப்பிக்கும் பாரம் முழுவதும் அரசுத் தரப்பினது; நியாயமான ஐயம் ஒன்று எஞ்சி நின்றால் போதும், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலைக்கு உரியவர். சட்டம் படிக்காத வாசகர் இதனை ஒரு தந்திரமாகவே கருதுவர். தமிழ்க் கதைகளும் அவ்வாறே கருதி வந்துள்ளன. குற்றவாளியைத் தப்புவிக்கும் ஓட்டை என்றே ‘ஐயம்’ நம் கதைகளில் உருப்பெறுகிறது. உண்மையில் அது ஓட்டையன்று. கொலைக்களக் காதையின் காவலர் வாயிலிருந்து நழுவி விழுந்த சொல் அது. 1978ஆம் ஆண்டின் மலேசிய வழக்கறிஞர் தொழில் ஒழுக்க விதிகளும், குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி வழக்கறிஞருக்குள்ள சொந்தக் கருத்து எதுவாயினும் சட்டம் இடந்தரும் தற்காப்பு முழுவதையும் நேர்மையான வழியில் எடுத்துரைக்கவே பணிக்கின்றன. தம்மை நம்பச் செய்தவருக்கு மட்டுமே வழக்கறிஞர் வாதிடலாம் என்றால், வழக்கறிஞரே முதல் நீதிபதியாகிவிடுவார். அவர் கதவைத் தட்டித் திரும்பியவன் நீதிமன்றத்தை எட்டவே மாட்டான்.

38 நாள் விசாரணைக்குப் பின் ஜூரிகள் ஐவர் குற்றவாளி என்றனர். இருவர் அல்லர் என்றனர். ஐந்துக்கு இரண்டு என்பது சட்டம் ஏற்ற பெரும்பான்மை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு தோற்றது.

தமிழ்த் திரைப்படமாயின் இங்கே உண்மைக் கொலையாளி நீதிமன்ற வாயிலில் வந்து நிற்பான். நடந்ததோ அதனினும் விந்தை. தீர்ப்புக்குப் பிறகு ஜெயதிலக, தாம் நீதிமன்றத்தில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். 1981இல் கூட்டரசு நீதிமன்றம் கார்த்திகேசுவை விடுவித்தது. பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காக ஜெயதிலகவுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஜீன் சின்னப்பாவின் கொலைக்காக வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை வழக்கறிஞர் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதிவிடலாகாது. ஜூரிகள் முன் நிகழ்ந்த வாதம் தோற்றது தோற்றதே. பொய்யைப் பொய் என்று காட்டியது குறுக்கு விசாரணையன்று. பொய் சொன்னவரின் நாவே திரும்பிப் பேசியது. அவ்வாறாயின் தற்காப்பு வழக்கறிஞரால் ஆன பயன் என்ன என்று மாணவர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கோவலன் கதையில் கிடைக்கிறது. பொற்கொல்லனின் பொய்யும் விரைவிலேயே வெளிப்பட்டது. கண்ணகி வந்தாள், சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. மதுரையில் உண்மைக்குக் குறைவு இருக்கவில்லை, காலத்துக்குத்தான் குறைவு. ஒவ்வொரு சாட்சியையும் நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஏட்டில் ஏற்றச் செய்து, மேல்முறையீட்டுக்கு வழிவைத்து, அரசாணைக்கும் கழுத்துக்கும் இடையே மாதங்களை அடுக்கி வைப்பது தற்காப்பு வழக்கறிஞரின் தொழில். அம்மாதங்களுள் ஒன்றில் பொய் மனம் மாறியது. கோவலனுக்கு அத்தகைய மாதம் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நினைவில் வைத்திருந்த மூத்த தலைமுறைக்கு இது புதிதாக இருந்திருக்க முடியாது. 1944 நவம்பரில் சென்னையில் நடந்த கொலைக்காகத் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 ஏப்ரலில்தான் விடுதலையாயினர். அங்கும் முதல் விசாரணையில் தோல்வியே. அவ்வழக்கைப் பற்றித் தமிழில் பேசப்பட்டதற்கு அளவில்லை. பேச்செல்லாம் இரு கலைஞர்களின் வீழ்ச்சியைப் பற்றியதே. அவர்களுக்காக இரண்டரை ஆண்டு கட்டுகளைச் சுமந்தவர்களைப் பற்றிய கதை எங்கே?

மலேசிய எழுத்தாளருக்கு இத்துறையில் வேறெந்த நாட்டாருக்கும் கிட்டாத ஒரு பொருள் கையருகே கிடக்கிறது. அது மொழி. தோட்டப்புறத்திலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸின் பின்சந்துகளிலிருந்தும் கூண்டேறிய தமிழர் பலர் தமிழில் பேசினர். நீதிமன்றமோ ஆங்கிலத்தில் கேட்டது, பின்னர் மலாயில் கேட்டது. நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். ‘கொன்னே போட்டுருவேன்’ என்று பால் குடிக்க மறுக்கும் பிள்ளையிடம் தாய் சொல்கிறாள். சீட்டுக்காசு தராத நண்பனிடம் தொழிலாளி சொல்கிறான். அச்சொல்லுக்குத் தமிழில் எத்தனை எடை என்பதைத் தமிழர் குரலை வைத்தே அறிவர். மொழிபெயர்ப்பில் அது கொலை செய்யப்போவதாகச் செய்த அறிவிப்பு ஆகிவிடுகிறது. குரல் ஏட்டில் ஏறுவதில்லை. இவ்விடத்தில் தற்காப்பு வழக்கறிஞர் எழுந்து, சாட்சியிடம், ‘அவர் அதைச் சொன்னபோது நீங்கள் அஞ்சினீர்களா, சிரித்தீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டாரானால், அது இலக்கியத் திறனாய்வாளர் ஒரு வரியைப் படிக்கும் முறையேயன்றி வேறன்று. யார் சொன்னது, யாரிடம், எந்தச் சூழலில், முன்னும் பின்னும் என்ன என்று துருவுவதைத் தமிழாசிரியர் செய்யுள் வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கின்றார். அதே திறம் ஓர் உயிரைக் காக்கவும் கூடும் என்பதை மாணவருக்குக் காட்டும் கதை தமிழில் வேண்டும். பெரும்புகழ் வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லாதவருக்கு, கொலை வழக்காயின் நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்தித் தரும். சிறு ஊதியத்துக்கு அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு சிறைக்குச் சென்று, தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரின் எதிரே முதன்முறை அமரும் இளம் வழக்கறிஞர், எந்தப் பாரிஸ்டர் ரஜினிகாந்தையும் விடக் கதைக்கு உரியவர்.

இறந்தவர் தரப்பிலிருந்தும் ஒரு முறையீடு உண்டு. அதை மறைத்துத் தற்காப்பு வழக்கறிஞரைப் புகழ்வது ஒருதலைப்பட்சமாகும். ஜீன் சின்னப்பா ஆசிரியை. ஆயினும் பத்திரிகைகள் அவரை ‘அழகு ராணி’ என்றே எழுதின. இளமையில் கலந்து கொண்ட அழகுப்போட்டி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பறையில் கழித்த ஆண்டுகள் ஒட்டவில்லை. அவருடைய கடிதங்கள் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தேநீர்க் கடை மேசைகளில் அலசப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு, அரசுக்கு வழக்கறிஞர் உண்டு. இறந்த பெண்ணுக்கு எவரும் இல்லை. அரசுத் தரப்பு அவருக்காகத்தான் நிற்கிறது என்பர். ஆயினும் கொலைக்குத் தூண்டுதல் காட்டுவதற்காக அவருடைய அந்தரங்கத்தை விரித்ததும் அத்தரப்பே. சட்டத்தில் இதற்கு மருந்து குறைவு. இலக்கியத்தில் உண்டு, எழுதுவோர் வேண்டும். இவ்வழக்கை வைத்துக் கதை எழுத முற்படுவோர் காருக்குள் கிடந்த உடலிலிருந்து தொடங்காமல், கரும்பலகை முன் நின்ற ஓர் ஆசிரியையிடமிருந்து தொடங்கினால் பாதிப் பழி தீரும்.

இன்னும் எழுதப்படாதவர்கள் அந்த ஏழு ஜூரிகள். 1995 தொடக்கத்தில் மலேசியாவில் ஜூரி முறை நீக்கப்பட்டுவிட்டது. இனி அப்பெட்டியில் எவரும் அமரப்போவதில்லை. ஆகவே அதைக் கண்டவர்களின் நினைவிலிருந்தே எழுத வேண்டும். நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறார். வழக்கறிஞரின் வாதம் ஏட்டில் நிற்கிறது. ஜூரிகள் காரணம் சொல்வதில்லை. அவர்களுடைய அறைக்குள் நடந்தது வெளிவருவதும் இல்லை. 1980இல் அவ்வறைக்குள் ஐவர் ஒருபுறம் இருக்க, இருவர் மட்டும் தலையசைக்க மறுத்தனர். அவர்களை எது தடுத்தது? செல்லையாவின் கேள்விகளுள் ஒன்றா, சாட்சியின் முகத்தில் கண்ட ஏதோ ஒன்றா, இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லையே என்னும் பழைய காவலரின் ஐயமா? ஐவரின் சொல் தீர்ப்பாயிற்று. மாலையில் எழுவரும் ஒரே வாயிலின் வழியே வெளியேறி, வீடு செல்லும் பேருந்துகளுக்காகப் பிரிந்திருப்பர்.